உரக் கழிப்பறை: யார் எடுப்பார் என்பதே முதல் கேள்வி

வீட்டுக்கு உரக் கழிப்பறை அமைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகரித்து வருகிறார்கள். தண்ணீர் மிச்சமாகும், செப்டிக் டேங்க் தேவைப்படாது, தோட்டத்துக்கு உரம் கிடைக்கும் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். வடசென்னையில் இக்கேள்வி வேறு நெருக்கடியிலிருந்து எழுகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரப் பட்டையில் பாதாளச் சாக்கடை எல்லாத் தெருக்களுக்கும் ஒருசேர வந்ததில்லை. வராத இடங்களில் வீட்டுக்கடியில் செப்டிக் டேங்க் உண்டு. அது நிரம்பினால் லாரி வரும். லாரியின் குழாய் எட்டாத இடத்தில் ஒரு மனிதர் இறங்குவார். அந்த மனிதர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உரக் கழிப்பறை இந்த மரணக் குழியிலிருந்து நம்மை விடுவிக்குமா? அல்லது நம் பாட்டன் பாட்டிகள் தலையில் சுமந்த எடுப்புக் கக்கூஸ் புதிய பெயரில் திரும்பி வருகிறதா? இரண்டுக்குமே வாய்ப்பு உண்டு. எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது கழிப்பறையின் வடிவமும், அதைக் காலி செய்பவர் யார், எப்போது செய்கிறார் என்பதும்தான். ஆகவே விலையையும் அளவையும் பார்க்கும் முன், சட்டத்தையும் நிலத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் எதைத் தடை செய்கிறது

1993-ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடங்களைக் கட்டுவதைத் தடை செய்தது. நீரடைப்பு இல்லாத எந்தக் கழிப்பிடமும் அச்சட்டத்தின்படி உலர் கழிப்பிடமே. நீரடைப்பு குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று அளவு வரை அது குறித்திருந்தது. அதாவது கழிப்பிடத்தின் அமைப்பைப் பார்த்துத் தடை விதிக்கப்பட்டது. அந்த வரையறையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால், இன்று சுற்றுச்சூழல் விருது பெறும் பல உரக் கழிப்பறைகளும் குற்றப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணிக்கு அமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் வேறு வழியில் சென்றது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1993-ஆம் ஆண்டுச் சட்டத்துடன் முரண்படும் இடங்களில் தானே மேலோங்கும் என்றும் சொல்கிறது. இச்சட்டத்தின் சொல் ‘சுகாதாரமற்ற கழிப்பிடம்’. மலம் முழுமையாக மட்குவதற்கு முன் அதைக் கையால் சுத்தம் செய்யவோ கையாளவோ வேண்டிய நிலையை உருவாக்கும் கழிப்பிடமே சுகாதாரமற்ற கழிப்பிடம். இங்கு அளவுகோல் நீரடைப்பு அன்று. ‘முழுமையாக மட்குவதற்கு முன்’ என்னும் சொற்களே அளவுகோல்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மலம் முழுமையாக மட்கும் வரை எவர் கையும் படாமல் பூட்டி வைக்கக்கூடிய உரக் கழிப்பறை இச்சட்டத்தின் தடைக்குள் வராது. இரண்டாவது, வாளியில் மலத்தைச் சேர்த்து, சில நாள்களுக்கு ஒருமுறை எடுத்துச் சென்று உரக்குவியலில் கொட்டும் முறை, என் வாசிப்பில், சுகாதாரமற்ற கழிப்பிடமே. வீட்டு உரிமையாளர் தாமே கொட்டினாலும் இந்த நிலை மாறாது. கழிப்பிடத்தின் வரையறை, மட்காத மலத்தைக் கையாள நேர்கிறதா என்று மட்டுமே கேட்கிறது. கையாள்பவர் யார் என்று கேட்கவில்லை. மேலைநாட்டுக் கையேடுகளிலும் காணொளிகளிலும் எளிய, மலிவான முறை என்று பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் இந்த வாளி முறைதான். இந்தியாவில் அதைப் பரிந்துரைக்கும் முன் இந்தப் பிரிவைப் படித்துவிட வேண்டும்.

கையாளும் வேலைக்கு இன்னொருவரை அமர்த்தினால் குற்றத்தின் எடை கூடுகிறது. 5-ஆம் பிரிவு சுகாதாரமற்ற கழிப்பிடம் கட்டுவதையும், கையால் மலம் அள்ள ஆள் அமர்த்துவதையும் ஒருசேரத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் பிணையில் விட முடியாதது. அமர்த்துபவர் மாநகராட்சியாகவோ ஒப்பந்தக்காரராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. தனிநபரும் இதில் அடங்குவார். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரை இவ்வேலையில் ஈடுபடுத்தினால், 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(j) பிரிவும் சேரும். அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், பத்துப் பாத்திரத்தோடு சேர்த்து ‘அந்தத் தொட்டியையும் கொஞ்சம் பார்த்துவிடு’ என்று சொல்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

செப்டிக் டேங்கை வைத்துக்கொள்வதும் சட்டச் சிக்கல் இல்லாத வழியன்று. பாதுகாப்பு ஏற்பாடின்றி அதில் ஆளை இறக்குவது 7-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த தொகை, 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. 1993 முதலான அரசுக் கணக்குகளில் இம்மரணங்களில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. செப்டிக் டேங்குக்கு மாற்றுத் தேடுவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. ஆனால் அந்த மாற்று உண்மையான மாற்றாக இருக்க வேண்டும்.

மட்குவதும் உலர்வதும்

சந்தையில் உரக் கழிப்பறை என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை இரு வேறு வழிகளில் இயங்குகின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால் நாற்றத்திலும் புழுவிலும் முடியும்.

முதல் வழி மட்கவைத்தல். மலத்தோடு மரத்தூள், தென்னை நார்க்கழிவு, சருகு போன்றவற்றைக் கலந்து, ஈரப்பதமும் காற்றும் அளவோடு இருக்கச் செய்தால் நுண்ணுயிர்கள் அதை மண்ணாக்கும. குவியல் 50 பாகை வெப்பத்தைத் தாண்டி ஒரு வாரமாவது நீடித்தால் நோய்க்கிருமிகள் அழியும். ஆனால் ஒரு குடும்பத்தின் சிறிய தொட்டியில் அந்த வெப்பம் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே வெப்பத்தை நம்ப முடியாது. காலத்தைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது வழி உலரவைத்தல். சிறுநீரையும் கழுவும் நீரையும் தனியே பிரித்துவிட்டு, மலத்தின் மேல் ஒவ்வொரு முறையும் விறகுச் சாம்பலோ நீற்றிய சுண்ணாம்புத் தூளோ தூவுவது. ஈரம் குறைந்து காரத்தன்மை ஏறும்போது கிருமிகள் மடியும். தண்ணீரால் கழுவும் பழக்கமும் நீண்ட மழைக்காலமும் உள்ள நம் கடற்கரைக்கு இவ்வழியே கூடுதலாகப் பொருந்தும். இங்கு தண்ணீர்தான் எதிரி. கழுவும் நீர் தவறுதலாக மலத்தொட்டிக்குள் தொடர்ந்து விழுந்தால் அது சில வாரங்களில் சாக்கடையாகிவிடும்.

இரண்டிலும் கடைசியாகச் சாவது உருளைப்புழுவின் முட்டைகள். அவற்றைக் கருதியே உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி காத்திருப்புக் காலத்தை வகுத்தது. 20 முதல் 35 பாகை வெப்பமுள்ள இடங்களில், புதிதாக எதுவும் சேராமல், ஓராண்டுக்கு மேல் மூடி வைத்திருக்க வேண்டும். காரத்தன்மை 9-க்கு மேல் நிலைத்து, பொருளும் நன்கு உலர்ந்திருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் போதும். வீட்டில் காரத்தன்மையைத் தொடர்ந்து அளப்பவர்கள் குறைவு. ஆகவே சென்னையில் ஓராண்டைக் குறைந்தபட்சக் காலமாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ‘ஆறு மாதத்தில் உரம்’, ‘மூன்று மாதத்தில் உரம்’ என்று சொல்லும் விளம்பரங்களை இந்த அளவுகோலால் சோதிக்கலாம்.

எந்த வகை, எந்த வீட்டுக்கு

சரிந்த தளமுள்ள ஒற்றைத் தொட்டி: சுவீடனில் 1939-இல் ரிக்கார்ட் லிண்ட்ஸ்ட்ரோம் வடிவமைத்த கிளிவஸ் மல்ட்ரம் இவ்வகையின் முன்னோடி. மேலே விழுவது ஆண்டுக்கணக்கில் சரிவில் மெல்ல இறங்கி, கீழ்முனையில் மண்ணாக வெளிவரும். வீட்டுக்கடியில் ஒரு நிலவறையே தேவை. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் எண்ணூர் மணலில் நிலவறை தோண்டுவது நடக்காத காரியம். புதியதும் பழையதும் ஒரே தொட்டியில் இருப்பதால், ‘முழுமையாக மட்கியது’ என்று நிரூபிப்பதும் கடினம்.

மின்சாரத்தில் இயங்கும் இறக்குமதிப் பெட்டிகள்: விடுமுறையில் மட்டும் தங்கும் குடில்களுக்காகச் செய்யப்பட்டவை. ஐந்து பேர் நாள்தோறும் பயன்படுத்தும் வீட்டுக்கு அவற்றின் கொள்ளளவு பெரும்பாலும் போதாது. தட்டில் சேர்வதைச் சில வாரங்களில் எடுத்தாக வேண்டும் என்றால், அது மட்குவதற்கு முன் கையாளுவதே ஆகும்.

வாளி முறையும், நிறுவனம் வந்து கொள்கலனை எடுத்துச் செல்லும் சேவை முறையும்: வாளியின் சட்டநிலையை மேலே சொன்னோம். கொள்கலன் சேவைகள் ஹைட்டியிலும் கென்யாவிலும் பாராட்டப்படுகின்றன. சாதி இருக்கும் நாட்டில் அந்தக் கொள்கலனை யார் தூக்குவார் என்ற கேள்விக்கு அங்குள்ள வெற்றிக்கதைகளில் பதில் இல்லை.

இரட்டை உறிஞ்சு குழி: தூய்மை இந்தியா திட்டம் ஊரகங்களில் பரப்பிய முறை. ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்துவர். மூடிய குழியில் இருப்பது மட்கிவிடும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் செயலர் பரமேஸ்வரன் அய்யர் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் இப்படி மட்கிய குழி ஒன்றில் இறங்கி உரத்தை அள்ளிக் காட்டினார். ஓர் இ.ஆ.ப. அதிகாரி அள்ளியது நாடெங்கும் செய்தியானது. மட்கிய மண்ணைத் தொடுவதைக்கூட நம் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அச்செய்தியே சான்று. முறை என்ற அளவில் இது நல்லதுதான். ஆனால் குழியின் அடித்தளத்துக்கும் மழைக்கால நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டராவது இருக்க வேண்டும். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அந்த இடைவெளி கிடைப்பது அரிது. கிடைக்காத இடத்தில் கட்டினால் அக்கம்பக்கத்துக் கைப்பம்பில் மலக்கிருமி வரும்.

தரைக்கு மேல் இரட்டைத் தொட்டி: சிறுநீரைப் பிரிக்கும் உலர்முறை. தரைமட்டத்துக்கு மேலே, நீர் கசியாத தளத்தோடு கட்டப்பட்ட இரு தொட்டிகள். மேலே ஏறிச் செல்லப் படிகள். ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றொன்று மூடியிருக்கும். மேற்சொன்ன வகைகளில் சட்டத்தின் ‘முழுமையாக மட்கும் வரை’ என்ற நிபந்தனையையும், வடசென்னையின் உயர்ந்த நீர்மட்டத்தையும் ஒருங்கே நிறைவேற்றக்கூடியது இதுவே. கீழே சொல்பவை இவ்வகையைக் கருதியே.

முசிறி, புல்லுவிளை, டர்பன்

இம்முறை நம் ஊருக்குப் புதிதன்று. திருச்சி மாவட்டம் முசிறி, காவிரிக் கரை ஊர்; அங்கும் நீர்மட்டம் மேலேயே நிற்கும். ‘ஸ்கோப்’ என்னும் தொண்டு நிறுவனம் 2000-களில் அங்கே வீடுகளுக்கும், பின்னர் தெருவுக்குப் பொதுவாகவும் இத்தகைய கழிப்பறைகளைக் கட்டியது. மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு ஒன்று, கழுவும் நீருக்கு ஒன்று என்று நம் பழக்கத்துக்கேற்ப பீங்கான் வடிவமைக்கப்பட்டது. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோரிடம் காசு வாங்காமல், அவர்களுக்கே சிறு தொகை கொடுத்தது உலகச் செய்தியானது. அந்நிறுவனத்தை நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1990-களில், திருவனந்தபுரம் மாவட்டத்து மீனவ ஊரான புல்லுவிளையில் பால் கால்வர்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தரைக்கு மேலான இரட்டைத் தொட்டிகளைக் கட்டி, கழுவும் நீரைச் செடிப் பாத்திக்கு விட்டார். மணல், உயர்ந்த நீர்மட்டம், நெருக்கமான குடிசைகள் என்று அந்தக் கடற்கரை எண்ணூரின் நெட்டுக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் மிகவும் ஒத்தது.

தொழில்நுட்பம் இயங்கும் என்பதை இவ்விரண்டும் காட்டின. மக்கள் ஏற்பார்களா என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனைப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய காலராவுக்குப் பின், எதெக்வினி மாநகராட்சி நகர விளிம்பிலும் ஊரகப் பகுதிகளிலும் ஏறத்தாழ 80,000 வீடுகளில் இரட்டைத் தொட்டி உலர் கழிப்பறைகளைக் கட்டியது. காலி செய்வது வீட்டாரின் பொறுப்பு என்றது. நகரின் நடுவில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறை, விளிம்பில் வாழும் கறுப்பின ஏழைகளுக்கு மட்டும் உலர் கழிப்பறை என்பதை மக்கள் இரண்டாந்தரக் குடியுரிமையாகவே கண்டார்கள். பலர் தொட்டியைத் தொட மறுத்தார்கள். இறுதியில் காலி செய்யும் பணியை மாநகராட்சியே ஏற்க வேண்டியதாயிற்று. சேரிக்கும் குப்பத்துக்கும் மட்டும் ‘சூழலுக்கு உகந்த’ கழிப்பறை என்று எந்த அதிகாரியாவது திட்டம் கொண்டுவந்தால், நாம் எடுத்துக்காட்ட வேண்டிய ஊர் டர்பன்.

உலர் கழிப்பறை எங்கும் இழிவின் அடையாளம் ஆகிவிடவில்லை. லடாக்கின் மரபு வீடுகளில் மேல்தளத்துக் கழிப்பறையில் மண்ணும் சாம்பலும் தூவி, மட்கியதை வயலுக்குக் கொண்டு செல்வது பழைய வழக்கம். அங்கே அது உழவு வேலையின் ஒரு பகுதி. நம் ஊர்களில் அதே வேலை ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்டது. இழிவு அந்தச் சுமத்தலிலிருந்து வந்தது.

வடசென்னையில் கட்டும்போது

வெள்ளக் கோடு: தொட்டியின் தளம், அப்பகுதி கண்ட மிக உயர்ந்த வெள்ளத்துக்கு மேலே இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குள் புகுந்தது. சுவர்களில் கருத்த கோடாகப் படிந்தது. அந்தக் கோடு இருக்கும் வீடுகளில் வேறு அளவு தேவையில்லை. அதற்கு மேலே தளம் போடும்படி கொத்தனாரிடம் காட்டினால் போதும். வெள்ளம் புகுந்த தொட்டியில் காத்திருப்புக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

கொள்ளளவு: ஒருவர் நாளுக்கு 250 முதல் 300 கிராம் மலம் கழிப்பதாகக் கொண்டால், ஐவருள்ள குடும்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை டன். உலரும்போது இதில் பெரும்பகுதி குறைந்துவிடும். தூவும் சாம்பலும் சுண்ணாம்பும் சேரும். தொட்டி ஒன்றுக்கு 1 கன மீட்டர், அதாவது நீளம் அகலம் உயரம் தலா 1 மீட்டர் என்று வைத்தால், ஒரு தொட்டி நிரம்ப ஓராண்டுக்குக் குறையாது. இது முக்கியம். முதல் தொட்டி நிரம்ப ஆறே மாதம் ஆகுமென்றால், இரண்டாவதும் ஆறு மாதத்தில் நிரம்பும். அப்போது முதல் தொட்டியை ஓராண்டு முடியும் முன்பே திறக்க நேரும். சிறிய தொட்டி கட்டிச் செலவை மிச்சப்படுத்துபவர், தமது கழிப்பறையைச் சட்டத்தின் தடைக்குள் தாமே கொண்டுவந்து நிறுத்துகிறார்.

தூவும் பொருள்: எரிவாயு அடுப்பு வந்தபின் வீட்டில் விறகுச் சாம்பல் இல்லை. அனல் மின்நிலையச் சாம்பல் எண்ணூரில் வேண்டிய மட்டும் கிடைக்கிறதே என்று நினைக்கலாம். அதைப் பயன்படுத்தவே கூடாது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் போன்ற நச்சு உலோகங்கள் உள்ளன. விறகுச் சாம்பலுக்கு இருக்கும் காரத்தன்மையையும் அதில் எதிர்பார்க்க முடியாது. நாளை உரமாகச் செடிக்குப் போகும் பொருளில் அதைக் கலப்பது, கொசஸ்தலை ஆற்றுக்குச் செய்யப்பட்டதை நம் தோட்டத்துக்கும் செய்வதாகும். நீற்றிய சுண்ணாம்புத் தூளை மூட்டையாக வாங்கி, உலர்ந்த சலித்த மண்ணோடு கலந்து வைத்துக்கொள்ளலாம். மரத்தூள் சேர்ப்பதாக இருந்தால், பெயின்ட், பிளைவுட் கலவாத மரவாடித் தூளாக இருக்க வேண்டும். சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீர்: விற்பனையாளர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும், நகரத்தில் மிகப் பெரிய சிக்கலாவதும் இதுதான். ஐவர் வீட்டில் நாளுக்கு 5 முதல் 7 லிட்டர் சேரும். ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் உள்ள நைட்ரஜன் ஏறத்தாழ 300 முதல் 400 சதுர மீட்டர் பயிருக்குப் போதும். ஒரு கிரவுண்டு என்பதே 223 சதுர மீட்டர்தான். அதாவது ஒரு கிரவுண்டு முழுதும் தோட்டமாக இருந்தாலும் ஒருவரின் சிறுநீருக்கே அந்த நிலம் போதாது. மிஞ்சுவதை மணலில் விட்டால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறும். வாழை, தென்னை நிற்கும் தோட்டத்துக்கு ஐந்து முதல் பத்து மடங்கு நீர் கலந்து விடுவது ஒரு வழி. அடியில் நீர் புகாத தளமிட்ட செடிப் பாத்தியில் கல்வாழை போன்ற நீர்குடிச் செடிகளை வளர்த்து, கழுவும் நீரையும் அதிலேயே விடுவது மற்றொரு வழி. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் அப்பாத்தி வழியும்; அதற்கு மேற்கூரை தேவை.

காற்றோட்டம்: ஒவ்வொரு தொட்டிக்கும் கூரைக்கு மேலே உயரும் காற்றுக் குழாயும், அதன் வாயில் கொசுவலையும் கட்டாயம். உப்புக்காற்றில் இரும்புக் கதவு விரைவில் அரித்துவிடும். தொட்டியின் எடுப்பு வாயிலைக் காரைப் பலகையால் மூடிப் பூசுவதே நல்லது. உடைத்தால்தான் திறக்கும் என்ற அமைப்பு, ஓராண்டுக்கு முன் எவரும் திறக்காமலிருக்கவும் உதவும். மாதவிடாய் அணையாடைகளும் நெகிழியும் தொட்டிக்குள் போகக் கூடாது. அவற்றுக்குத் தனிக் கூடை உள்ளேயே இருக்க வேண்டும். படியேற முடியாத முதியவரோ மாற்றுத்திறனாளியோ வீட்டில் இருந்தால் சாய்தளத்துக்கும் இடம் பார்க்க வேண்டும். அந்த இடம் இல்லையெனில் இம்முறை அவ்வீட்டுக்கு ஏற்றதன்று.

எடுக்கும் நாள்

எல்லாக் கணக்கும் வந்து சேருமிடம் இதுதான். தொட்டியை மூடிய நாளை அதன் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தேதியுடன் ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் கேள்வி எழுந்தால் அதுவே சான்று. ஓராண்டு கழித்துத் திறக்கும்போது உள்ளே இருப்பது மண்போல் உதிர வேண்டும்; மல நாற்றம் இருக்கக் கூடாது; ஈரம் கசியக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் சுண்ணாம்பு சேர்த்து மீண்டும் மூடிவிட வேண்டும். எடுப்பவர் கையுறையும் காலணியும் அணிந்து, நீண்ட பிடியுள்ள மண்வெட்டியைப் பயன்படுத்த வேண்டும். எடுத்ததை மரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் இடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு இடக் கூடாது.

எடுப்பது அந்த வீட்டாரின் வேலை. அதிலும் வீட்டுப் பெண்ணின் தலையில் மட்டும் விழாமல், கட்டும் முடிவை எடுத்த ஆண் தன் கையால் செய்ய வேண்டிய வேலை. ‘ஆண்டுக்கு ஒருமுறைதானே, யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று இப்போதே நினைப்பவர் இக்கழிப்பறையைக் கட்ட வேண்டாம். அந்த ‘யாராவது’ யார் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஓராண்டு மட்கிய பொருளை எடுக்க ஆள் அமர்த்துவது சட்டத்தின் சொற்களுக்குள் அடங்காமல் போகலாம். அரசமைப்பின் 17-ஆவது உறுப்பு ஒழித்ததாகச் சொல்லும் தீண்டாமை அந்த அமர்த்தலில் தொடரும்.

வாடகை வீடாக இருந்தால் கவனம் கூடுதலாகத் தேவை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘குடியிருப்பவர்’ என்பது இடத்தைப் பயன்படுத்துபவரையும், அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரையும் குறிக்கும். வீட்டு உரிமையாளர் கட்டி வைத்த தவறான கழிப்பறைக்கு வாடகைதாரரும் பொறுப்பாக நேரலாம். எடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

எங்கே வேண்டாம்

இராயபுரத்தின் அடுக்கு வீடுகளுக்கும், சுவரோடு சுவர் ஒட்டிய ஒண்டுக் குடித்தனங்களுக்கும், மறுகுடியமர்வு அடுக்கங்களுக்கும் உரக் கழிப்பறை பொருந்தாது. இரண்டு தொட்டிக்கும் செடிப் பாத்திக்கும் அங்கே இடமில்லை. பொதுவாகக் கட்டினால் எடுப்பது யாருடைய வேலையும் அல்ல என்றாகி, கடைசியில் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் வேலையாகிவிடும். தெருவில் பாதாளச் சாக்கடை ஓடும் வீடும் அதில் இணைவதே சரி. சாக்கடைக்குள் மனிதர் இறங்கும் கொடுமைக்குத் தீர்வு இயந்திரமும், சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும்தான். சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதும் மலம் அள்ளுவதும் நிறுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று ஆணையிட்டிருக்கிறது. அந்த ஆணை நம் வட்டாரத்தில் எப்படி நிறைவேறுகிறது என்பதை மண்டல அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு தெருவும் கேட்கலாம்.

சாக்கடை வராத தெருவில், சொந்தமாக அரைக் கிரவுண்டாவது மண்ணும் சில மரங்களும் உள்ள வீட்டில், ஓராண்டு காத்திருக்கவும் தன் கையால் எடுக்கவும் மனமுள்ள குடும்பத்துக்கு, தரைக்கு மேலான இரட்டைத் தொட்டி ஒரு நல்ல தேர்வு. ஐவரின் சிறுநீருக்கு அந்த நிலம் போதாது என்பதால் செடிப் பாத்தியும் அதனுடன் சேர்ந்தே கட்டப்பட வேண்டும். வெள்ளத்தில் செப்டிக் டேங்க் பொங்கும் வீட்டுக்கும், லாரிக்குக் காசு கொடுத்துக் களைத்த வீட்டுக்கும் அது உண்மையான விடுதலை தரும். ஆனால் அது அக்குடும்பம் தானே விரும்பி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. அடையாறுக்கும் அண்ணா நகருக்கும் உள்ள அதே கழிவுநீர் இணைப்பு இங்குள்ள குப்பத்துக்கும் காலனிக்கும் உரிமை. உரக் கழிப்பறையைக் காட்டி அந்த உரிமையை ஒத்திப்போட மாநகராட்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது. தொட்டி கட்டத் தொடங்கும் நாளிலேயே, இணைப்புக் கோரும் மனுவையும் எழுதி ஒப்புகைச் சீட்டுடன் கொடுத்துவிட வேண்டும்.